பத்து மீட்டர் பின்னால்

அக்கா,

ஆட்டத்தில் பல்லுக்கு மாட்டும் உன் மவுத் கார்டு என்னிடம்தான் இருக்கிறது. சோப்பு டப்பாவில் போட்டுப் பள்ளிக்கூடப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். இப்போதுதான் திறந்தேன். பற்பசை வாசமும் ரப்பர் வாசமும் கலந்து வந்தது. அப்பாவும் அம்மாவும் கூடத்தில் தூங்குகிறார்கள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தால் கை நின்றுவிடுகிறது.

அதில் உன் பல் வரிசை அப்படியே பதிந்திருக்கிறது. வலது பக்கத்துத் தெற்றுப்பல்கூடத் தெரிகிறது. ரக்பி டீமுக்கு இதை வாங்கிய அன்று, ஸ்போர்ட்ஸ் ரூமில் வெந்நீர் வைத்து அவரவர் மவுத் கார்டை முக்கி எடுத்துக் கடித்துப் பதிய வைத்தோமே, அந்த நாள் ஞாபகம் வருகிறது. ராஜாத்தி உன்னைப் பார்த்து, "பொய்ப்பல் மாட்டுன கெழவி கணக்கா இருக்கக்கா" என்றாள். நீ அதை வாயில் வைத்துக்கொண்டே அவளைத் திட்டினாய். ஒரு சொல்லும் விளங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் நீ அதைக் கழற்றி இடது கையில் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "இதப் போட்டா யாரும் பேச முடியாது. நல்லதுதான். கிரவுண்டுக்குள்ள பேசுறது கேப்டன் மட்டும்தான்."

நாளைக்கு உனக்கு இரங்கல் கூட்டம், அக்கா. பள்ளிக்கூடத்தில் உன் படத்தைத் திறக்கிறார்கள். ஜெகதாப்பட்டினத்திலிருந்து உன் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். டீம் சார்பில் கேப்டன் பேச வேண்டுமாம். பி.டி. சார் என்னைக் கேப்டன் ஆக்கிவிட்டார். என்ன பேச வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்து, இரண்டு முறை ஒப்பிக்கவும் வைத்துவிட்டார். "எங்கள் அக்கா அன்று காலை சாப்பிடாமல் வந்து, வெயிலில் மயங்கி விழுந்து, தலை தரையில் மோதி எங்களை விட்டுப் போய்விட்டார். கடைசி நிமிடம் வரை களத்தை விட்டு வெளியேறாத அவரது ஒழுக்கமும் விளையாட்டுப் பண்பும் எங்களுக்குப் பாடம்."

இத்தனை நாள் அழுதேன். இன்று அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. சார் மேல், ரெஃப்ரி மேல், சிரித்துக்கொண்டு நின்ற எங்கள் எல்லோர் மேலும். உன் மேலும் வருகிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் இது. நீ சாப்பிட்டாய்.

அன்று நீ ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாய். நான் திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்து புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உனக்காக நின்றேன். "போட்டு கரைக்கு வந்துருச்சுன்னு அம்மா மீன் பிரிக்க வெள்ளனவே போயிருச்சு. வீட்ல அடுப்பே பத்த வைக்கல. வா, மொதல்ல வயித்தக் கவனிப்போம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். வெளியே தள்ளுவண்டி இட்லிக்கடை. நீ இட்லி கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைக்காரர் உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னத்தா, மல்லுக்கட்டவா போற?"

"ஆமாண்ணே. ரக்பி."

"அது என்ன, பிஸ்கோத்தா?"

"பிஸ்கோத்துக்குச் சண்ட போடுவாங்கள்ல, அப்படி பந்துக்குச் சண்ட போடுறது. சட்னி ஊத்துங்கண்ணே."

அவர் சிரித்துக்கொண்டே உன் தட்டில் கேட்காத ஓர் இட்லியையும் வைத்தார். அதையும் நீ விடவில்லை. அப்படிச் சாப்பிட்ட உன்னைத்தான் வெறும் வயிற்றோடு வந்தாள் என்று சொல்லச் சொல்கிறார்கள்.

டீமில் சேர்ந்த புதிதில் எனக்கு வாய் அதிகம். காரைக்குடியில் ஆடிய மேட்ச் உனக்கு மறந்திருக்காது. எதிரணிப் பெண் பந்தை முன்னால் தவறவிட்டாள். ரக்பியில் அது தப்பு, ரெஃப்ரி கவனிக்கவில்லை. நான் ஓடிப்போய், "சார், கண்ணு தெரியலையா? முன்னாடி விட்டுட்டா சார்" என்று கத்தினேன். அவர் விசில் ஊதி, எங்களுக்கு எதிராகப் பெனால்டி என்று கை காட்டினார். நான் மறுபடி, "இது அநியாயம் சார்" என்றேன். அவர் எங்கள் பக்கத்து எல்லைக் கோட்டைப் பார்த்து நடந்து, பத்து மீட்டர் தள்ளிப் போய் நின்றார். கேப்டன் அல்லாதவள் வாய் திறந்தால் டீமே பத்து மீட்டர் பின்னால் போக வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அங்கிருந்து அவர்கள் ஒரே ஓட்டத்தில் எங்கள் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். தோற்றோம்.

அழுதுகொண்டு நின்ற எங்களை நீ இரண்டு வரிசையாக நிறுத்தினாய். ஜெயித்தவர்கள் நடுவில் நடந்து போக, தோற்றவர்கள் இரு பக்கமும் நின்று கை தட்ட வேண்டும். அது இந்த ஆட்டத்தின் வழக்கம். "அழுதுகிட்டே தட்டுங்கடி, பரவால்ல. ஆனா சத்தமா தட்டுங்க" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். "வாயி நல்ல வாயிதான். பத்து மீட்டர் போச்சு, அவ்வளவுதான்" என்று சிரித்தாய். "இனிமே ஏதாச்சும் சொல்லணும்னா எங்கிட்டச் சொல்லு. நான் போயிச் சொல்றேன். ஒங்க எல்லாரு வாயும் எங்கிட்டத்தான் இருக்கு."

நீ சொன்னபடியே நடந்தாய். ராஜாத்திக்குக் கணுக்கால் வீங்கிய அன்று, "கட்டுப் போட்டு ஆடச் சொல்லு" என்றார் சார். நீ மவுத் கார்டைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கி அவ ஆட மாட்டா சார்" என்றாய். சார் உன்னைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு வேறு பெண்ணை இறக்கினார். அதற்கப்புறம் எங்களுக்குப் பயமே இல்லாமல் போனது. எல்லோர் வாயையும் உன்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஓடினோம். உனக்கே அடிபட்டால் யார் பேசுவது என்று நம்மில் ஒருத்திகூட யோசிக்கவில்லை.

இட்லி சாப்பிட்டு வந்த அன்று, காலை மேட்சில் நீ ஒருத்தியைப் பிடிக்கப் பாய்ந்தாய். அவள் முழங்கால் உன் நெற்றிப்பொட்டில் இடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது. நீ உடனே எழுந்துவிட்டாய். எழுந்து, போய், எதிரணி வரிசையில் நின்றாய்.

நாங்கள் சிரித்தோம், அக்கா. "அக்கா, நம்ம டீமு இங்கிட்டு! அங்கிட்டு எங்க போற?" என்று ராஜாத்தி கூப்பிட்டாள். எதிரணிப் பெண்களும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே வந்தாய்.

மேட்ச் முடிந்ததும் வேப்ப மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாய். மவுத் கார்டை என் கையில் கொடுத்தாய், நான் குழாயடியில் கழுவினேன். "நம்ம ஜெயிச்சமாடி?" என்று கேட்டாய். ஜெயித்தோம் என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கேட்டாய், "நம்ம ஜெயிச்சமா?" என்று. அப்புறம் துண்டால் முகம் துடைத்துவிட்டு மறுபடியும்.

நான் சாரிடம் ஓடினேன். சார் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், அக்கா வாந்தி எடுக்குது. சொன்னதையே சொல்லுது. தலையில அடிபட்டுச்சு சார்."

"வெயிலு. குளுக்கோஸ் கரச்சுக் குடு."

"தலையில அடிபட்டா அன்னைக்கி முழுக்க ஆடக் கூடாதுன்னு ஸ்போர்ட்ஸ் ரூம் படத்துல போட்டுருக்கே சார்."

"நீ டாக்டரா? இல்ல கேப்டனா? மதியம் பைனல். செலக்‌ஷனுக்கு ஆளுங்க வந்துருக்காங்க. போயி ஒக்காரு. டிசிப்ளின்னா என்னன்னு ஒங்களுக்கெல்லாம் இன்னும் தெரியல."

அந்தப் படம் உனக்குத் தெரியும். ஸ்போர்ட்ஸ் ரூம் சுவரில் ஒட்டியிருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், வாந்தி எடுக்கும் ஒரு பெண், எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் முழிக்கும் ஒரு பெண். கீழே பெரிய எழுத்தில், சந்தேகம் இருந்தாலே வெளியே எடு என்று இருக்கும். முழிக்கும் பெண் ராஜாத்தி மாதிரியே இருக்கிறாள் என்று நீதான் அதற்கு அவள் பெயரை வைத்தாய். நீ போன மறுவாரம் ஸ்போர்ட்ஸ் ரூமுக்குப் போனேன். படம் இல்லை. சுவரில் நான்கு மூலையிலும் டேப் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கிறது. டேப்போடு சுண்ணாம்பும் பெயர்ந்து வந்திருக்கிறது. இத்தனை அவசரமாகக் கிழித்த கை, அன்று மத்தியானம் உன்னை உட்கார வைக்க ஏன் நீளவில்லை?

சார் கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடிந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் அப்பா, "பொம்பளப் புள்ள அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டு ஊரு நடுவுல ஓடணுமா?" என்று கேட்டபோது வீட்டுக்கே வந்து, எங்கள் வாசலில் நின்று, "ஒங்க புள்ளைக்கு நான் பொறுப்புண்ணே" என்று சொன்னவர் அவர்தான். கிரவுண்டில் கிடந்த செம்பாறைக் கல்லை எல்லாம் எங்களோடு சேர்ந்து பொறுக்கி ஓரத்தில் குவித்தவரும் அவர்தான். கல் குத்தினால் பதறுகிற மனிதர், தலை கலங்கிய பிள்ளையைப் பார்த்து வெயில் என்றார். அதனால்தான் என் கோபம் ஆறவில்லை. தெரியாதவர் செய்திருந்தால் பொறுத்திருப்பேன். அவருக்குத் தெரியும். அந்தப் படத்தை ஒட்டியதே அவர்தான்.

பைனலில் நீ ஓடிய ஓட்டம் உன் ஓட்டமே இல்லை. இரண்டாவது பாதியில் ஒருத்தி கையை விட்டுப் பந்து போன பிறகும் அவளைப் பிடித்துத் தள்ளினாய். நீ அப்படிச் செய்கிறவளே கிடையாது. எதிரணிக்குப் பெனால்டி. எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ரெஃப்ரியிடம் ஓடினேன்.

"சார், அக்காவுக்குத் தலை சுத்துது. காலையில அடிபட்டுச்சு. வெளிய அனுப்புங்க சார்."

"கேப்டன் மட்டும் பேசணும்" என்றார் அவர். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. விசில் ஊதி, எங்களைப் பத்து மீட்டர் பின்னால் போகச் சொன்னார். ஓரத்திலிருந்து சார், "வாய மூடிட்டு ஆடு!" என்று கத்தினார். ரெஃப்ரி உன்னிடம் திரும்பி, "கேப்டன், ஓகேவா?" என்றார்.

நீ கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். மவுத் கார்டைக் கழற்றவில்லை. பேசும்போதெல்லாம் கழற்றி இடது கையில் பிடிக்கிற நீ அன்று அதை வாயில் வைத்துக்கொண்டே சொன்னாய், "வாய மூடுடி."

அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன சொல்.

உன் மேல் கோபம் என்று சொன்னேனே, இதற்குத்தான். ராஜாத்தியின் கணுக்காலுக்காகச் சாரிடம் பேசிய நீ, உன் தலைக்காக ஏன் பேசவில்லை? உனக்கு எதுவும் தெளிவில்லை, நீ சொன்னது நீ சொன்னதே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகமாட்டேன் என்கிறது. எல்லோர் வாயையும் வாங்கி வைத்துக்கொண்டாயே, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஜெயித்தோம். தோற்ற பெண்கள் இரண்டு வரிசையாக நின்று கை தட்டினார்கள். கேப்டன் என்று நீ முதலில் நடந்தாய். பாதி வழியில் உன் முழங்கால் மடங்கியது. வரிசையில் நின்றவர்களுக்கு முதலில் தெரியவில்லை. நீ கீழே கிடக்கிறாய், அவர்கள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். உன் வாயிலிருந்து மவுத் கார்டு மண்ணில் விழுந்தது. எல்லோரும் உன்னைத் தூக்கினார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அதை எடுத்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் நீ போய்விட்டாய்.

உன் காரியத்துக்குச் சார் எங்கள் எல்லோரையும் வேனில் கூட்டிக்கொண்டு போனார். உன் வீட்டு வாசலில் காய்ந்த வலை சுருட்டிக் கிடந்தது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மீன் தரம் பிரித்துப் பிரித்து ஐஸில் வெடித்துப்போன விரல்கள்.

"ஆத்தா, நீதானே அவ கூட்டாளி. அன்னைக்கின்னு பாத்து நான் அடுப்பப் பத்த வைக்கலையே. ஒரு வாய் கஞ்சி ஊத்தி அனுப்பியிருந்தா எம்புள்ள இருந்திருப்பால்ல?" என்றார். "கடலுக்குப் போன மனுசனப் புடிச்சு வச்சுக்கிட்டாங்கன்னு எத்தன நாளு கரையில நின்னுருக்கேன். அவரு திரும்பி வந்துட்டாரு. பந்து வெளாடப் போன புள்ள வரலையே."

அவ சாப்பிட்டாம்மா என்று நாக்கு நுனி வரை வந்தது. சார் என் தோளில் கை வைத்து, "அம்மாவ அழ விடாதம்மா, வா" என்றார். கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

உன் அம்மா இப்போது சோறு ஆக்கினால் சாப்பிடுவதில்லையாம். உன் சித்தி சொன்னார். தட்டைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறாராம். ஒரு பொய் இப்படி ஒரு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சாருக்குத் தெரியுமா? சாருக்கு அது ஒரு வரி. அந்த அம்மாவுக்கு அது ஆயுசு முழுக்க.

இன்று சாயங்காலம் ஒப்பித்து முடித்ததும் நான் கேட்டேன். "சார், அக்கா அன்னைக்கி இட்லி சாப்ட்டுச்சே சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார். "ரக்பியில அடிபட்டுச் செத்தான்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கி எந்த அப்பனாச்சும் பொண்ண கிரவுண்டுக்கு அனுப்புவானா? டீமே இருக்காது. ராஜாத்திக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு வர்ற நேரம். ஒருத்தி போயிட்டா. மத்தவங்களையும் நீ கெடுக்கப் போறியா? டீமுக்காக விட்டுக்குடுக்குறதுதாம்மா ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்."

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. அவர் சொல்வதில் பாதி நடக்கும். என் அப்பா முதல் ஆளாக என் பூட்ஸைத் தூக்கி எறிவார். "ஊரு வம்பு நமக்கெதுக்கு? பரீட்சைய எழுதிட்டு வெளிய வா" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் ராஜாத்தியிடம் சொன்னேன். அவள் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே, "நீ பேசுனா நான் ஒம் பின்னாடி வந்து நிக்க மாட்டேன்டி. எனக்கு அந்த சீட்டு வேணும்" என்றாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "பேசாதன்னும் சொல்ல மாட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் மிதித்துப் போய்விட்டாள்.

டீம் இல்லாமல் போனால் நான் எங்கே போவேன் என்று எனக்கும் தெரியவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு அந்தச் செம்மண்ணில் கால் வைத்தால்தான் எனக்கு மூச்சே வரும். ஆனால் சுவரில் படம் இல்லாத டீமில் அடுத்து யார் தலையில் அடிபடும்? அவளும் குளுக்கோஸ் குடித்துவிட்டு ஓடுவாள். அவளைப் பற்றியும் ஒழுக்கம் என்று பேசுவார்கள். நீ எங்களுக்குச் சொல்லித்தந்த ஒழுக்கம் இதுவா? தோற்றால் சத்தமாகக் கை தட்டச் சொன்னாய். அடிபட்டவளைக் குனிந்து தூக்கச் சொன்னாய். நம் தப்பு என்றால் கையை உயர்த்தச் சொன்னாய். பொய்யை ஒப்பிக்கச் சொல்லித்தரவில்லை.

சார் ஒன்றை மறந்துவிட்டார், அக்கா. நான் சொன்னால் கேட்பேன் என்று நினைத்து என்னைக் கேப்டன் ஆக்கினார். அன்று கிரவுண்டில் என்னைத் தடுக்க அவர்களிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. நான் கேப்டன் இல்லை. அந்தக் காரணத்தை இப்போது அவரே எடுத்துவிட்டார்.

நாளைக்கு மைக் முன்னால் போய் நிற்பேன். உன் மவுத் கார்டை இடது கையில் பிடித்துக்கொள்வேன். பிடித்துப் பார்த்தேன், உன் தெற்றுப்பல் பதிந்த இடம் சரியாக என் கட்டை விரலுக்கு வருகிறது. உன் படத்தைப் பார்க்க மாட்டேன், பார்த்தால் அழுதுவிடுவேன். முன் வரிசையில் உன் அம்மாவை மட்டும் பார்த்து, "அம்மா, அக்கா அன்னைக்கி வயிறார சாப்பிட்டுச்சு. நான் பக்கத்துல நின்னேன்" என்று தொடங்குவேன். அப்புறம் முழங்கால் இடித்ததைச் சொல்வேன். எதிரணி வரிசையில் நீ போய் நின்றதை, வேப்ப மரத்தை, மூன்று முறை நீ கேட்டதைச் சொல்வேன். சார் மைக்கைப் பிடுங்க வருவார். மைக் இல்லாமல் பேசிப் பழகிய வாய்தான் இது.

பத்து மீட்டர் பின்னால் போகச் சொல்வார்கள். போய் நின்று அங்கிருந்து சொல்வேன். இன்னும் பத்து என்றால் அங்கிருந்தும். உன் அம்மாவுக்குக் கேட்கும் வரை.